முதல் சுற்று இரவில் கத்துவது எப்படி: ஒரு ஜெட்ஸ் ரசிகையின் யோசனைகள்

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை இரவு, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் டிராஃப்டில் முதல் சுற்று நடக்கும். 32 அணிகளும் கல்லூரியிலிருந்து வரும் பையன்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். மேடையில் பெயர் வாசிப்பார்கள். தொப்பி மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு பந்துகூட வீசப்படாது. ஆனாலும் நியூ ஜெர்சியில் எங்கள் வரவேற்பறையில் சீசன் முழுவதும் கேட்காத சத்தம் அன்று கேட்கும். நான் ஜெட்ஸ், என் கொழுந்தனார் ஜயன்ட்ஸ். இரண்டு அணிகளும் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் ஒரே மைதானத்தில்தான் ஆடுகின்றன. அதனால் சண்டைக்கு ஆள் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

புதிதாக இந்த ஆட்டத்தைப் பின்தொடர்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "பேரைச் சொன்னதும் பாதிப் பேர் தலையில கை வைக்கிறாங்க, பாதிப் பேர் குதிக்கிறாங்க. எதை வச்சு?" உண்மையைச் சொன்னால், பல பேர் எதையும் வைத்துச் செய்வதில்லை. கத்துவதில் தப்பே இல்லை, அந்த இரவே அதற்காகத்தான். ஆனால் எடுத்த ஆளுக்காகக் கத்துகிறோமா, அவருக்குக் கொடுத்த விலைக்காகவா, நாம் ஆசைப்பட்டவர் கிடைக்காமல் போனதற்காகவா என்று பிரித்துத் தெரிந்துகொண்டு கத்தினால் ஆட்டம் இன்னும் நன்றாகப் புரியும். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முந்தைய வாரம்

மார்ச் மாதம் தொடங்கியதும் மாக் டிராஃப்ட்கள் குவியும். எந்த அணி யாரை எடுக்கும் என்று ஆளாளுக்கு எழுதும் ஊகப் பட்டியல்கள் அவை. இரண்டு மூன்று போதும், அதிலும் உங்கள் அணியைத் தினமும் எழுதுகிற நிருபருடையது ஒன்று இருக்கட்டும். அவர்கள் சொல்லும் வரிசை அப்படியே நடக்காது, அதை மறந்துவிடுங்கள். எந்தெந்தப் பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன என்று மட்டும் பாருங்கள். ஐந்தாவதாக வருகிறவருக்கும் ஒன்பதாவதாக வருகிறவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், இருவரும் ஒரே அடுக்கு. அணிகளும் இப்படித்தான் அடுக்கு பிரித்து வைத்திருக்கின்றன. முதல் சுற்றில் 32 பேரை எடுத்தாலும், முதல் சுற்றுத் தகுதி உள்ளவர்கள் அத்தனை பேர் இருப்பதாக அணிகளே பெரும்பாலான வருடங்களில் நினைப்பதில்லை.

அடுத்து, ஒரு தாள். எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும் எட்டு மணிக்குள் அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் அணியின் முறை வரும்போது யார் இருந்தால் சந்தோஷம், மூன்று பெயர். யாரை எடுத்தால் கோபம், ஒரு பெயர். அந்த மூன்று பேரும் முன்னாலேயே போய்விட்டால் என்ன செய்யச் சொல்வீர்கள், ஒரு வரி. அந்தக் கடைசி வரியில்தான் எல்லோரும் பேனாவைக் கடிப்பார்கள். அதை எழுதாதவருக்கு அன்றிரவு "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லும் உரிமை கிடையாது.

பணக் கணக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டிராஃப்ட் பற்றிய பாதிக் கோபம் இங்கேதான் பிறக்கிறது.

லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்கு முன்னால் முதலாவதாக எடுக்கப்பட்டவர் கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. 2010இல் சாம் பிராட்ஃபோர்டுக்கு ராம்ஸ் 6 வருடத்துக்கு 7.8 கோடி டாலர் வரை பேசியது. அதில் 5 கோடிக்கு உத்தரவாதம். அடுத்த வருடம் புது விதி வந்தது. முதலாவதாகப் போன கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 4 வருடத்துக்குச் சுமார் 2.2 கோடி. இப்போதெல்லாம் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதுதான் சம்பளத்தை முடிவு செய்கிறது. அவர் ஆடும் இடத்துக்கும் (பொசிஷன்) சம்பளத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இதனால் என்ன ஆகிறது? பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக், அவரைக் காக்கும் இடது டேக்கிள், எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ஆட்டக்காரர், இவர்களெல்லாம் வெளிச் சந்தையில் மிக விலை உயர்ந்தவர்கள். டிராஃப்டில் எடுத்தால் நான்கு வருடம் மலிவாகக் கிடைப்பார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கோ வெளிச் சந்தையிலேயே அவ்வளவு விலை போவதில்லை. அவரை முதல் பன்னிரண்டில் எடுத்தால் மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்காது. விவரம் தெரிந்தவர்கள் "இந்த இடத்துல ரன்னிங் பேக்கா?" என்று முகம் சுளிப்பது இதனால்தான்.

இன்னொன்று, முதல் சுற்றில் எடுத்தவர்களுக்கு மட்டும் ஐந்தாவது வருடத்தையும் நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. அதனால்தான் சுற்றின் கடைசியில் திடீர் திடீரென்று டிரேட் நடக்கும், அதாவது அணிகள் தங்கள் முறைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். 2018இல் ரேவன்ஸ் 32ஆவது இடத்துக்கு ஏறி வந்து குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனை எடுத்தது அப்படித்தான். பதினோரு மணிக்குத் தூங்கப் போனவர்கள் அதைப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு மேல்

கிழக்குக் கரை நேரப்படி இரவு 8 மணிக்குத் தொடங்கும். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெள்ளி காலை 5.30. சாப்பாடு முன்னாலேயே வந்துவிட வேண்டும். முதல் பத்தில்தான் வீடு கொந்தளிக்கும், பீட்சாக்காரருக்குக் கதவு திறக்க ஆள் கிடைக்காது. 2008 முதல் 2025 வரை முதல் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 10 நிமிடம் என்று விதி இருந்தது, அப்போதெல்லாம் சுற்று முடிய நள்ளிரவு நெருங்கிவிட்டது.

கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மேடையில் பெயர் வாசிப்பதற்குச் சில நிமிடம் முன்பே நிருபர்கள் வெளியிட்டுவிடுவார்கள். அறையில் ஒரே ஒருவர் திரையைப் பார்த்து "ச்சே" என்று சொன்னாலும் மற்ற எல்லோருக்கும் இரவு போச்சு. தொலைக்காட்சியிலேயே துப்பு கிடைக்கும் என்பது வேறு விஷயம். காத்திருப்பு அறையில் ஒரு பையன் ஃபோனை எடுத்துக் காதில் வைக்கிறான், அம்மா அழுகிறார் என்றால் முடிந்தது. அதைக் கண்டுபிடிப்பது தனி சுகம், அதை மட்டும் அனுமதிக்கலாம்.

கடிகாரம் ஓடுவதைக் கவனியுங்கள். நேரத்துக்குள் பெயரைக் கொடுக்காவிட்டால் அடுத்த அணி முந்திக்கொள்ளலாம். 2003இல் வைக்கிங்ஸ் ஒரு டிரேட் பேசிக்கொண்டே நேரத்தைக் கோட்டைவிட்டது. ஜாக்வார்ஸும் பேந்தர்ஸும் ஓடிப் போய்த் தங்கள் ஆளை எடுத்துக்கொண்டன. ஊரே சிரித்தது. 7ஆவதாக எடுக்க வேண்டிய வைக்கிங்ஸ் 9ஆவதாக எடுத்த கெவின் வில்லியம்ஸ் பிறகு லீகின் மிகச் சிறந்த தடுப்பு லைன்மேன்களில் ஒருவரானார். மானம்தான் போனது, ஆட்டக்காரர் போகவில்லை.

பெயர் வாசித்ததும்

முதல் பத்து விநாடி எதுவும் யோசிக்க வேண்டாம், வருவது வரட்டும். அதற்குப் பிறகு நான் என்னையே கேட்டுக்கொள்வது இவை: இந்த ஆளை நான் உண்மையில் பார்த்திருக்கிறேனா? பார்த்திருந்தால், பிடிக்காதது ஆளா, அவர் ஆடும் இடமா? டிரேட் செய்து எடுத்தார்களா, என்ன கொடுத்தார்கள்? என் தாளில் எழுதிய மூவரில் யார் இன்னும் மிச்சம்?

முதல் கேள்விக்கே பாதிப் பேர் அடிபடுவார்கள். 2011இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் 11ஆவதாக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜே.ஜே. வாட்டை எடுத்தபோது, அந்த அணியே நடத்திய விருந்தில் கூடியிருந்த ரசிகர்கள் 'பூ' என்று கத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது நிக் ஃபேர்லி. அவர் இரண்டு இடம் கழித்து டெட்ராய்ட்டுக்குப் போனார். வாட் 2012, 2014, 2015 என்று மூன்று முறை லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அன்று கத்தியவர்களில் எத்தனை பேர் அவர் ஆடி ஒரு முழு ஆட்டமாவது பார்த்திருப்பார்கள்? தங்களுக்குத் தெரிந்த பெயர் வரவில்லை, அவ்வளவுதான்.

ஃபிலடெல்ஃபியா கதை இன்னும் பிரபலம். 1999இல் டிராஃப்ட் நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. உள்ளூர் விளையாட்டு வானொலியின் ஏற்பாட்டில் ஒரு பேருந்து நிறைய ஈகிள்ஸ் ரசிகர்கள் வந்திறங்கினார்கள். ரன்னிங் பேக் ரிக்கி வில்லியம்ஸ்தான் வேண்டும் என்பது அவர்களின் ஒரே கோரிக்கை. அணி 2ஆவதாக டானவன் மெக்நாப் என்ற குவார்ட்டர்பேக்கை அறிவித்தது. அவர் மேடையேறும்போதே கத்தினார்கள். அந்த மெக்நாப்தான் அணியை ஐந்து முறை என்எஃப்சி (லீகின் ஒரு பாதி) இறுதிப் போட்டிக்கும், ஒருமுறை லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கும் கொண்டுபோனார். இதில் எனக்கு உறுத்துவது கணிப்பு தப்பானது அல்ல. கணிப்பு யாருக்கும் தப்பும். அந்தப் பேருந்துக் கூட்டத்துக்கு ரிக்கி வில்லியம்ஸ் கிடைக்காத ஏமாற்றம். அதைக் கொட்டியதோ வாழ்நாளில் ஒருமுறை வரும் தருணத்தில் நின்றிருந்த ஒரு பையன் மேல்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கண்டிப்பான விதி: ஆட்டக்காரரைத் திட்டக் கூடாது. அவர் போய் "என்னை எடுங்கள்" என்று யாரையும் மிரட்டவில்லை. ஜெனரல் மேனேஜரைத் திட்டலாம், பயிற்சியாளரைத் திட்டலாம், உரிமையாளரைத் தாராளமாகத் திட்டலாம். கமிஷனர் ராஜர் குடெல் மேடைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கத்தலாம், அது மரபு. 2020இல் கொரோனாவால் தன் வீட்டுக் கீழ்த்தளத்திலிருந்து அவர் டிராஃப்ட் நடத்தியபோது, திரையில் தெரிந்த ரசிகர்களைக் கத்தச் சொல்லி அவரே உசுப்பிவிட்டார். ஆட்டக்காரரின் சமூக ஊடகப் பக்கத்தில் போய் எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அவருக்கு 21, 22 வயது. பக்கத்தில் பாட்டி உட்கார்ந்திருப்பார்.

ஆடும் இடம் பற்றிய கோபம் வேறு வகை, அதில் நியாயம் இருக்கும். 2023இல் டெட்ராய்ட் லயன்ஸ் 12ஆவதாக ஜமீர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கையும், 18ஆவதாக ஜாக் கேம்பெல் என்ற உள் லைன்பேக்கரையும் எடுத்தது. மேலே சொன்ன பணக் கணக்குப்படி இரண்டுமே குறைந்த மதிப்புள்ள இடங்கள். நிபுணர்கள் கிழித்தார்கள். 2024 சீசனில் கிப்ஸ் மொத்தம் 20 டச்டவுன் எடுத்தார், லயன்ஸ் 15 ஆட்டம் ஜெயித்தது. கணக்கு பொய்யாகிவிட்டதா என்றால் இல்லை. சராசரிக்கு அது இன்னும் சரிதான். ஆள் அபாரமாக இருந்தால் கணக்கைத் தாண்டிவிடுவார். இந்த வகைக் கோபத்தைத் தாளில் எழுதும்போது "இடம்" என்று குறிப்பிடுங்கள், "மோசமான ஆட்டக்காரர்" என்று எழுதாதீர்கள்.

டிரேட் நடந்தால் உடனே கத்தாமல் விலையைப் பார்க்கப் பழகுங்கள். 1990களில் டல்லஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான ஒரு மதிப்புப் பட்டியல் இருக்கிறது. முதல் பிக்குக்கு, அதாவது முதலாவதாக எடுக்கும் உரிமைக்கு, 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2600, மூன்றாவதுக்கு 2200 என்று இறங்கிக்கொண்டே போகும். இப்போது அணிகள் வேறு வேறு பட்டியல் வைத்திருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து பார்க்க இது போதும். 2017இல் சிகாகோ பியர்ஸ் 3ஆவது இடத்திலிருந்து 2ஆவது இடத்துக்கு ஏற 67ஆவது பிக், 111ஆவது பிக், அடுத்த வருடத்தின் மூன்றாம் சுற்றுப் பிக் எல்லாம் கொடுத்தது. ஒரே ஒரு படி ஏற இத்தனையா என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். பட்டியலைப் பாருங்கள்: வித்தியாசம் 400 புள்ளி, 67க்கு 255, 111க்கு 72, மீதிக்கு அடுத்த வருடத்துப் பிக். விலை ஏறத்தாழ நியாயம்தான்! பிரச்சினை அந்த விலைக்கு வாங்கிய ஆளிடம். அவர்கள் எடுத்தது மிட்ச் ட்ருபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கை. பிறகு லீகின் பெரிய நட்சத்திரக் குவார்ட்டர்பேக்கான பேட்ரிக் மஹோம்ஸ் 10ஆவது வரை காத்திருந்து சீஃப்ஸுக்குப் போனார். சிகாகோக்காரர் யாராவது உங்கள் வீட்டு விருந்துக்கு வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டாம்.

ஏற்கெனவே குவார்ட்டர்பேக் இருக்கும்போது இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தால் வரும் கோபம் தனி ரகம். 2020இல் கிரீன் பே, ஆரன் ராட்ஜர்ஸ் இருக்கும்போதே 26ஆவது இடத்துக்கு ஏறி ஜோர்டன் லவ்வை எடுத்தது. ராட்ஜர்ஸ் எறியும் பந்தைப் பிடிக்க ஒரு நல்ல ரிசீவர் எடுத்துத் தருவார்கள் என்று காத்திருந்த ரசிகர்களுக்கு எப்படி இருக்கும்? ராட்ஜர்ஸ் அந்தக் கோபத்திலோ என்னவோ அடுத்த இரண்டு சீசனும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை வாங்கினார். அப்புறம் 2023இல் எங்களிடம் வந்தார். முதல் ஆட்டத்தில் நான்கே பிளே, குதிகால் தசைநார் அறுந்தது. லவ் அதே வருடம் கிரீன் பேயை, சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் ஆட்டங்களான பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

சந்தோஷத்தையும் சோதியுங்கள்

கோபத்தை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சந்தோஷத்தை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் ஆபத்து. 2021இல் ஜெட்ஸ் 2ஆவதாக சாக் வில்சன் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. கல்லூரி மைதானத்தில் நடந்த பயிற்சி நாளில் ஓடிக்கொண்டே, உடம்பைத் திருப்பி, அவர் தூர எறிந்த ஒரே ஒரு பந்தை நாங்கள் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தோம். எதிரில் தடுப்பாட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் எறிந்த பந்து அது. அவரை 2024இல் டென்வருக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த டிராஃப்டில் 5ஆவதாக ஜமார் சேஸ், 7ஆவதாக பெனே சூவல், 12ஆவதாக மைக்கா பார்சன்ஸ் என்று பின்னால் நட்சத்திரங்களானவர்கள் வேறு அணிகளுக்குப் போனார்கள்.

சந்தோஷம் சரியாகவே இருந்தாலும் அணி ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. 2022இல் நாங்கள் 4ஆவதாக சாஸ் கார்ட்னரையும் 10ஆவதாக கேரட் வில்சனையும் எடுத்தோம். அந்த வருடம் சிறந்த புது தடுப்பாட்டக்காரர், சிறந்த புது தாக்குதல் ஆட்டக்காரர் என்ற இரண்டு விருதும் அவர்களுக்கே. பிளேஆஃப் மட்டும் வரவில்லை. 2025 நவம்பரில் கார்ட்னரை இரண்டு முதல் சுற்றுப் பிக்குகளுக்கு இண்டியானாபோலிஸுக்குக் கொடுத்தாயிற்று. பிக் கிடைத்ததா, மறுபடியும் தாள் எடுத்து மூன்று பெயர் எழுத வேண்டியதுதான்.

பழைய ஜெட்ஸ் ரசிகர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், 1983ஐச் சொல்வார்கள். 24ஆவதாக கென் ஓ'பிரையன் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தோம், பின்னால் ஜாம்பவானான குவார்ட்டர்பேக் டான் மரீனோ 27ஆவதாக மயாமிக்குப் போனார். மயாமி எங்கள் பிரிவிலேயே இருக்கும் அணி, வருடத்துக்கு இரண்டு முறை சந்திக்க வேண்டும். ஓ'பிரையன் மோசமில்லை, இரண்டு முறை நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்குப் போனவர். ஆனால் அவர் பெயரோடு எப்போதும் மரீனோவின் பெயர்தான் ஒட்டிக்கொண்டு வரும். 1995இல் அரங்கமே தடுப்பாட்டக்காரர் வாரன் சாப் வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்க, டைட் எண்ட் கைல் பிரேடியை எடுத்தார்கள். சாப் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஆக, கூட்டம் கத்துவது எப்போதும் தப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள்.

மறுநாளும் அதற்குப் பிறகும்

வெள்ளிக்கிழமை காலை எல்லா இடத்திலும் ஏ, பி, சி என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். வாசியுங்கள், பொழுதுபோகும். ஆனால் "நமக்கு டேக்கிள் எடுக்கவே இல்லையே" என்று புலம்புவதற்கு முன் இரண்டு, மூன்றாம் சுற்றுகள் அன்று மாலைதான் என்பதை நினைவில் வையுங்கள். சியாட்டிலின் 2012 டிராஃப்டுக்கு மிக மோசமான மதிப்பெண் கொடுத்தவர்கள் உண்டு. 15ஆவதாக புரூஸ் இர்வினை எடுத்தது அவ்வளவு கேலியானது. அதே டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் பாபி வாக்னர், மூன்றாம் சுற்றில் ரஸல் வில்சன். இரண்டே சீசனில் சூப்பர் பௌல் வெற்றி.

கையெழுத்துப் போட்ட தாள்களை நான் ஒரு உறையில் போட்டு வைத்துவிடுவேன். திறப்பது மூன்று சீசன் முடிந்து, மே மாதத் தொடக்கத்தில். ஐந்தாவது வருடத்தை நீட்டிப்பதா இல்லையா என்று அணிகள் சொல்ல வேண்டிய கெடு அப்போதுதான் வரும். எடுத்தவர்களே தங்கள் தேர்வைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

தெரிந்துவிடும் என்று சொன்னேன், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2019இல் ஜயன்ட்ஸ் 6ஆவதாக குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸை எடுத்தபோது கொழுந்தனார் சோபாவிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணி, ஆறாவது இடத்துல இவனா? பதினேழாவதும் நம்மகிட்டதானே இருக்கு, அதுல எடுத்திருக்கலாமே!" நல்ல வாதம், ஆளைத் திட்டவில்லை, விலையைத்தான் திட்டினார். 2022 மே மாதம் அணி ஐந்தாவது வருடம் வேண்டாம் என்றது. உறையைத் திறந்தோம், எங்கள் பந்தயத்தில் கொழுந்தனாருக்கு வெற்றி, எனக்கு இரவுச் சாப்பாட்டுச் செலவு. அதே சீசனில் ஜோன்ஸ் பிளேஆஃபில் மினசோட்டாவை அவர்கள் மைதானத்திலேயே ஜெயித்தார். 2023 மார்ச்சில் 4 வருடத்துக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம். நான் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 2024 நவம்பரில் அவரை விடுவித்துவிட்டார்கள். கொழுந்தனார் மறுபடி கேட்டார். 2025இல் இண்டியானாபோலிஸுக்கு ஆடிய ஜோன்ஸ் முதல் பத்து ஆட்டத்தில் எட்டை ஜெயித்தார், டிசம்பரில் குதிகால் தசைநார் அறுந்து சீசன் முடிந்தது. சாப்பாட்டுக் கணக்கு இன்னும் தீரவில்லை. நீங்கள் பந்தயம் கட்டுவதானால், எந்தத் தேதியில் கணக்கு முடிப்பது என்பதையும் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.